செடிக்கென்று போன சொம்பு

கத்திரி வெயில் முடிய இன்னும் நாலைந்து நாள் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கும் மொட்டைமாடித் தரை கால் வைக்க விடவில்லை. கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனவள், போகிற போக்கில் அடீனியத்தின் அடிப்பகுதியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

கல் மாதிரி இருக்க வேண்டிய இடம் அமுங்கியது.

அடீனியத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அடி மட்டும் பானை போலப் பருத்திருக்கும். மேலே நாலைந்து குட்டைக் கிளைகள். கிளை நுனியில் கொத்தாகக் கொஞ்சம் இலை, வெயில் ஏற ஏற அடர் ரோஸ் நிறத்தில் பூ. அந்தப் பருத்த அடியில்தான் அது தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அது சுருங்கினால், பல நாளாகத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் செடி சுருங்கியிருந்தது. தோலில் வரி வரியாகச் சுருக்கம். தொட்டிக்குள் விரலை விட்டேன். அடி வரைக்கும் சூடான தூசிதான். தொட்டியின் கீழே தரையில் ஈரம் காய்ந்த தடம்கூட இல்லை.

ஆனால் அந்த மாதம் முழுக்க, தினமும் சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீர் இந்தச் செடிக்கென்று எங்கள் வீட்டிலிருந்து மாடிக்குப் போயிருக்கிறது. கொண்டுபோனவர் என் கணவர்.

துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். துறைமுகப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. 

கேபினில் இருந்த மனிதர்

என் கணவர் அருள்தாஸ் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தரையிலிருந்து பல மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டு போன்ற கேபினில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைப்பது அவர் வேலை.

ஏறினால் ஷிப்டு பாதியாகும்வரை இறங்க முடியாது. அதனால் வேலைக்குப் போகுமுன் தண்ணீர் குடிக்க மாட்டார். மேலே போனபிறகும் குடிக்க மாட்டார். இறங்கி வந்ததும் குழாயில் வாயை வைத்து மாடு மாதிரி குடிப்பார்.

நானும் அப்படித்தான் இருந்தேன். புறநகர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டு முப்பது வருஷம் உட்கார்ந்திருந்ததைப் இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கே பெண்களுக்கான கழிப்பறை பிளாட்பாரத்தின் மறுகோடியில். கவுண்டரை மூடிவிட்டுப் போனால் வரிசையில் நிற்கிறவர்கள் கத்துவார்கள். ஆகவே நானும் தண்ணீரைத் தள்ளிப்போட்டே பழகியவள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து, முதல் காரியமாக ஆளுக்கொரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்போம். அப்படி ஒரு குடும்பம் எங்களுடையது.

ஓய்வு பெற்ற மறு வருஷம் அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்றார்கள். கேபினில் தண்ணீர் குடிக்காமல் கிடந்ததுதான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். டாக்டர் ரத்த அழுத்தம் என்றார், சர்க்கரை என்றார். இவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "அந்தக் கூண்டுதான் ஸ்டெல்லா" என்பார்.

முக்கால் லிட்டர்

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஒரு ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்த இடத்தில் காது வைத்தால் மெஷின் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கும். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது.

அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது தண்ணீர்தான்.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காபி, ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். அவருக்குச் சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். தங்கினால் கால் வீங்கும், பிறகு நுரையீரலில் ஏறும். படுத்தால் மூச்சு முட்டும்.

நான் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்தேன். காலை அதை நிரப்பிக் கொடுப்பேன். அதோடு சரி. பிரிட்ஜில் தண்ணீர் வைப்பதை நிறுத்தினேன். குடத்தை அடுக்களைக்குள் உள்ளே தள்ளி வைத்தேன். நான் குடிப்பதானால் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பேன். அது அவருக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் செடி வந்தது. மாதவரத்தில் உறவுக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சாலையோர நர்சரியில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். செடி கொடி என்று ஒரு நாளும் திரும்பிப் பார்க்காத மனிதர்.

நர்சரிக்காரர் இதைக் காட்டினார். "சார், இதுக்கு நல்லா வெயில் போதும். தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா ஊத்துங்க. மழைக்காலத்துல அதுகூட வேணாம். அதிகமா ஊத்துனா அழுகிடும்."

இவர் அந்தப் பருத்த அடியைத் தட்டிப் பார்த்தார். "தண்ணி அதிகமானா இதுக்கும் ஆவாதா? அப்ப நம்ம ஆளுதான்" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தார்.

அகலமான தொட்டி வாங்கினோம். ஆற்றுமணல், உடைத்த செங்கல், கொஞ்சம் மக்கிய உரம் கலந்து வைத்தார். கிளை ஒடிந்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் எரியும் என்று எனக்கு எச்சரிக்கை வேறு. கடல்காற்றில் வருகிற உப்புத்தூளும் லாரிப் புழுதியும் இலையில் படிந்தால் ஈரத்துணியால் துடைப்பார். ஒரு இலைக்கு ஒரு துடைப்பு. கிரேன் கைப்பிடியை அப்படித்தான் பிடித்திருப்பார் என்று தோன்றும்.

எடை மெஷின்

கத்திரி தொடங்கியதும் எடை ஏற ஆரம்பித்தது.

டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். இரண்டு முறைக்கு நடுவில் இரண்டு கிலோ ஏறலாம். அவருக்கு மூன்றரை ஏறியது, அடுத்த முறை நான்கு. டெக்னீஷியன் கவிதா சின்னப் பெண், ஆனால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள்.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு எவ்ளோ தண்ணி குடுக்கறீங்க?"

"பாட்டில் அளவுதாம்மா. ஒரு சொட்டு அதிகம் இல்ல."

"அப்ப இது எங்கேர்ந்து வருது?"

அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தார். ஒரு முறை நடுவிலேயே ரத்த அழுத்தம் விழுந்து, கால் இழுத்துக்கொண்டு கத்தினார். அதிகத் தண்ணீரை அவசரமாக எடுத்தால் அப்படி ஆகுமாம். வீட்டுக்கு வந்து நான் ரசத்தை நிறுத்தினேன். மோரை நிறுத்தினேன். எடை குறையவில்லை.

வெயில் காலத்தில் செடிக்குத் தினமும் ஒரு சொம்பு வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாடி கொதிக்கிறது, செடிக்கும் தாகம் இருக்காதா என்றுதான் நினைத்தேன். சொம்பை நிரப்பிக் கொடுத்தது நானே.

"அது வாயத் தொறந்து கேக்கல"

கீழே இறங்கி வந்தேன். அவர் மின்விசிறிக்கு நேராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் வீக்கம். துணிகளை நாற்காலியில் போட்டேன்.

"செடிக்கு நேத்து தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேனே."

"மண்ணு தூசியா கீது. அடி சுருங்கிப் போயி கீது."

அவர் வலது கையால் இடது கையில் அந்த ஊசி போடுகிற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் பூரா நீதான் குடிச்சியா?"

"மொத நாளு செடிக்குதான் ஸ்டெல்லா எடுத்துனு போனேன்" என்றார். "சத்தியமா. ஊத்தச்சொல்ல அந்தத் தண்ணி வுழுற சத்தம் கேட்டேன். பாதி ஊத்துனேன், பாதி குடிச்சேன். மறுநாளு அதுக்குக் கால்வாசி. அப்புறம் அதுக்கு ஒண்ணியும் இல்ல."

"செத்துடுவய்யா. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ கேப்ப. கவிதா பொண்ணு கேக்கும். டாக்டர் கேப்பாரு. அது வாயத் தொறந்து கேக்கல. அதான் அத ஏமாத்திட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் காலிச் சொம்பை எடுத்துத் தரையில் அடித்தேன். அது உருண்டுபோய்க் கட்டிலுக்கடியில் நின்றது. கீழ்வீட்டு ஹசீனா சத்தம் கேட்டு ஓடிவந்து வாசலில் நின்றாள். பழைய வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்குப் பர்தா தைத்துக் கொடுக்கிறவள், எங்கள் வீட்டுக்குக் கதவு தட்டாமல் வருகிறவள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போனாள்.

"தாகம்னா இன்னான்னு உனக்குத் தெரியாது ஸ்டெல்லா" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "கண்ண மூடுனா தண்ணி ஓடிகினு கீது. பக்கத்து வூட்ல பக்கெட்டு ரொம்புற சத்தம் கேட்டா எனக்கு அழுவ வருது."

ஒரு நாள்

மறுநாள் காலை இன்னொரு பாட்டிலை எடுத்தேன். அதிலும் கோடு போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. அவர் குடிக்கிற அளவுதான் இன்று எனக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

காலை பத்து மணிவரை ஒன்றும் தெரியவில்லை. சமைத்தபோதே பாதி பாட்டிலைக் குடித்துவிட்டேன். மதியச் சாப்பாட்டோடு முடிந்தே போனது. இரண்டு மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பேசினால் உதட்டோரம் வெள்ளையாகச் சேர்ந்தது. மெட்ரோ வாட்டர் லாரி தெருவில் வந்து நின்றதும், பெண்கள் குடத்தோடு ஓடுகிற சத்தம் கேட்டதும், வயிற்றுக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நாலு மணிக்கு அடுக்களைக்குப் போனேன். கதவைச் சாத்த மறந்தேன். டம்ளரைத் தேடவில்லை. குழாயைத் திறந்து நேராக வாயை வைத்தேன்.

எவ்வளவு நேரம் குடித்தேனோ தெரியாது. நிமிர்ந்தபோது அவர் வாசற்படியில் நின்றிருந்தார். பக்கத்தில் கோடு போட்ட என் பாட்டில் காலியாக நின்றது. அதையும் பார்த்தார், என் நனைந்த ரவிக்கையையும் பார்த்தார்.

"மெதுவா குடி" என்றார். "பொற ஏறிடப்போவுது."

நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பத்து மணி நேரம்கூட என்னால் முடியவில்லை. அவர் எட்டு மாதமாக அதற்குள்ளேயே இருந்தார்.

அதற்குப் பிறகு

கவிதாவிடம் உண்மையைச் சொன்னோம். அவள் திட்டுவாள் என்று பயந்தோம். அவள் ஐஸ் கட்டி வைக்கச் சொன்னாள். பாட்டில் தண்ணீரில் பாதியைச் சின்னச் சின்னக் கட்டிகளாக உறையவைத்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கரைய விடுவது. எலுமிச்சைத் துண்டைச் சப்பலாம். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும் என்றாள். ஊறுகாய் ஜாடி ஹசீனா வீட்டுக்குப் போனது.

நான் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பதை அவர் நிறுத்தச் சொன்னார். "நீ ஒளிஞ்சு குடிக்கிறது எனக்கு இன்னும் பேஜாரா கீது" என்றார். அதன்பிறகு சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் டம்ளர் தண்ணீர், அவர் ஒரு ஐஸ் கட்டி.

மாடிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். காய்ந்த வேருக்கு ஒரேயடியாக ஊற்றக்கூடாது என்று முதல் நாள் கால் சொம்பு, மூன்றாம் நாள் அரை. பத்துப் பன்னிரண்டு நாளில் அடிப்பகுதி மறுபடி இறுகியது. சுருக்கம் போன இடத்தை அவர் விரலால் தடவி, "என்னைக் காட்டிலும் சீக்கிரம் தேறிடுச்சே" என்றார். ஆடி மாதம் பூத்தது. இலையைவிடப் பூ அதிகம்.

அடுத்த மாசியில் தொட்டி மாற்றினோம். அவர் கையால் பாரம் தூக்கக்கூடாது என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மண்ணை உதிர்த்தால் உள்ளே வேர்கள் கைவிரல்கள் போலத் தடித்திருந்தன. அழுகிய நுனிகளை வெட்டி, நிழலில் மூன்று நாள் உலரவைத்து, அடி இன்னும் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி உயர்த்தி நட்டோம். ஒவ்வொரு தடவையும் இப்படி உயர்த்தினால்தான் அழகு வரும் என்று யூடியூபில் பார்த்திருந்தார்.

எடை இரண்டு கிலோவைத் தாண்டவில்லை. ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் அவரோடு அதிகம் பேசியது அந்த ஒன்றரை வருஷத்தில்தான்.

ஆட்டோவில்

கார்த்திகை மாதத்து மழைக் காலை. முதல் ஷிப்டு டயாலிசிஸ். முந்தின முறை மெஷின் பழுது என்று பாதியில் நிறுத்தியிருந்தார்கள். முகம் உப்பியிருந்தது. ஆட்டோ கல்மண்டபம் தாண்டி லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது.

"ஒரு வாய் தண்ணி குடு ஸ்டெல்லா."

பாட்டில் என் பையில் இருந்தது. அவர் மூச்சு வாங்குகிறதைப் பார்த்தேன். ஏற்கெனவே உடம்பு முழுக்கத் தண்ணீர்.

"பத்து நிமிசம்யா. போனதும் மெஷின்ல போட்டுடுவாங்க. அங்க அரை டம்ளர் வாங்கித் தரேன்."

"சரி" என்றார். மறுபடி கேட்கவில்லை. தார்ப்பாய் இடுக்கு வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மெஷினில் போட்ட முதல் மணி நேரத்திலேயே அவருடைய இதயம் நின்றது. திரையை இழுத்துவிட்டு என்னை வெளியே அனுப்பினார்கள். கவிதா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். 

டாக்டரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. அதனால எதுவும் மாறியிருக்காது."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஒன்றும் ஆகியிருக்காது என்றால் கொடுத்திருக்கலாமே என்றுதான் என் காதில் விழுந்தது.

நான் ஊற்றியது

காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் முடிந்த மறுநாள் காலை, சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். செடிக்கு முழுவதையும் ஊற்றினேன்.

மழைக்காலம். செடி இலை உதிர்த்து உறங்குகிற நேரம். ஒரு சொட்டும் தேவையில்லை. அவர் அந்த மாதங்களில் தொட்டியைத் தகரக் கூரைக்கடியில் தள்ளிவைப்பார். எனக்கு எல்லாம் தெரியும். மறுநாளும் ஊற்றினேன். அதற்கு மறுநாளும்.

கிறிஸ்துமஸ் கழிந்தபோது அடிப்பகுதி அமுங்கியது. இந்த முறை சுருக்கம் இல்லை. பழுத்த பழம் மாதிரி அமுங்கியது, விரலில் வாடை ஒட்டியது. அழுகுகிறது என்று தெரிந்தது. அன்றும் ஊற்றிவிட்டுத்தான் இறங்கினேன்.

தை மாதம் ஒருநாள் செடி தொட்டியிலேயே சாய்ந்து கிடந்தது. துணி காயப்போட வந்த ஹசீனாதான் பார்த்தாள். சேறாகக் கிடந்த மண்ணைத் தொட்டாள்.

"அல்லாவே... யாருக்கா இவ்ளோ தண்ணி ஊத்துனது?"

"நான்தான்."

"மழைக்காலத்துல ஊத்தக்கூடாதுன்னு அண்ணன் எனக்கே சொல்லிகீறாரு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகினேவா ஊத்துன? எத்தினி நாளு?"

"தினமும்."

ஆட்டோவில் நடந்ததை அன்றுதான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். மாடியில் நின்றபடியே சொன்னேன்.  முடிந்ததும் அவள் கீழே போய் மீன் நறுக்கும் கத்தியைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடியை வெட்டினாள். உள்ளே பழுப்பு, கூழ். இன்னும் மேலே வெட்டினாள், அங்கும் பழுப்பு. ஒவ்வொரு கிளையாக வெட்டிப் பார்த்து எறிந்துகொண்டே வந்தாள். ஒரே ஒரு கிளையில், சாண் நீளத்தில், வெட்டிய இடம் வெள்ளையாகப் பால் விட்டது. அதைப் பழைய பேப்பரில் சுற்றினாள்.

"இது என் வூட்ல இருக்கட்டும்" என்றாள். "டெய்லி வந்து பாரு, யாரு வேணாங்கறாங்க. தண்ணி மட்டும் நான் ஊத்திக்கிறேன்."

எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஆனால் மறுக்கவில்லை.

நாலைந்து நாள் உலரவைத்து, ஒரு காலி பெயிண்ட் டப்பாவில் செங்கல் தூள் போட்டு நட்டு, ஜன்னல் கம்பியோரம் வெயிலில் வைத்தாள். இரண்டு மாதம் அது குச்சியாகவே நின்றது. தினமும் சாயங்காலம் அவள் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு வருவேன். பங்குனியில் ஒருநாள் துளிர் தெரிந்தது.

கிளையிலிருந்து வந்த செடிக்கு அடி அவ்வளவாகப் பருக்காதாம். இரண்டு வருஷமாகியும் ஒல்லியாகத்தான் இருக்கிறது. அவருடைய செடி மாதிரி இல்லை. அப்படி ஆகவும் ஆகாது.

போன மாதம் ஒருநாள், அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஹசீனா, இன்னிக்கு நான் ஊத்தட்டா?"

அவள் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஈரம் கீதுக்கா. நாளன்னைக்கு வா. நீயே ஊத்து."

போனேன். மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அரை டம்ளர் ஊற்றினேன். டம்ளரில் மீதி இருந்தது. அதை ஊற்றாமல் கீழே வைத்தேன்.